பத்தொன்பது நாள் தாமதம்

நாய் வண்டியில் ஏற மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது.

மே மாதத்தின் முதல் திங்கட்கிழமை. காஸ்த்ர் நகரத்தின் ஆற்றங்கரைத் தெருவில் மரீஸ் எஸ்காந்தின் வீட்டு வண்டி பக்கக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றது. கட்டில், அடுப்பு, குளியல் மூலை எல்லாம் உள்ளேயே அடங்கிய வெள்ளை வண்டி. காலை எட்டு மணி ஏழு நிமிடத்துக்குக் கிளம்புவது என்று முந்தின நாளே முடிவு செய்திருந்தாள் மரீஸ். எட்டு மணிக்குக் கிளம்புவேன் என்கிறவர்கள் எட்டே காலுக்குத்தான் கிளம்புவார்கள், எட்டு ஏழு என்று சொன்னால்தான் எட்டு ஏழுக்குக் கிளம்ப முடியும் என்பது அவள் கட்சி. முப்பத்தோரு வருடம் அந்த ஊர் டவுன் பஸ்ஸை ஓட்டியவள்.

இப்போது மணி எட்டு பதினைந்து. காஷூ என்ற முப்பது கிலோ கறுப்பு நாய் நடைபாதையில் குந்தியபடி படிக்கட்டை மேலும் கீழும் பார்த்தது. பன்றித் தொடைக்கறித் துண்டைக் காட்டினாள். எட்டி வாங்கித் தின்றுவிட்டு மறுபடி குந்தியது. பின்னால் போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அவளுக்கும் அறுபத்து மூன்று வயது, இடுப்புதான் பிடித்துக்கொண்டது.

"என்னடா உனக்கு? ஒன்பது வருஷமா என் பஸ்ல ஏறினவன்தானே நீ!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. தட்டு, கயிறு, தடுப்பூசிப் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்து வந்தவள் பையை மறந்துவிட்டாள். இரண்டு தெரு தள்ளி, பூட்டிக் கிடந்த, நாய்க்குச் சொந்தக்காரரான முசியே ருவனேயின் வீட்டுக்கு ஓடினாள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் அது தொங்கியது. சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட, சாயம் போன சந்தைப் பை. அதைக் கொண்டுவந்து வண்டியின் தரையில் விரித்ததுதான் தாமதம், காஷூ ஒரே தாவில் ஏறி, திரும்பி, பின்னங்கால் இரண்டையும் ஒழுங்காகப் பைக்குள் வைத்து உட்கார்ந்தது.

எட்டு நாற்பத்தொன்றுக்குக் கிளம்பினாள். வேலையிலிருந்த காலத்தில் இவ்வளவு தாமதமாக அவள் கிளம்பியதே இல்லை.

அந்தப் பைக்கு ஒரு கதை உண்டு. காஸ்த்ர் டவுன் பஸ்ஸில் நாய் ஏறலாம், ஆனால் பைக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. தோல் பதனிடும் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அன்செல்ம் ருவனே, காஷூவைக் குட்டியாக அந்தக் கட்டம் போட்ட பையில் வைத்துத்தான் முதல் முறை ஏற்றினார். குட்டி வளர்ந்தது, பை வளரவில்லை. நாலு மாதத்தில் தலையும் முன்னங்காலும் வெளியே வந்தன. ஒரு வருடத்தில் பின்னங்கால்கள் மட்டும்தான் உள்ளே.

"முசியே ருவனே, இது என்ன?" என்று மரீஸ் ஒருநாள் கேட்டாள்.

"பையில நாய், டிரைவரம்மா."

"பையில நாயா, நாய்க்குக் கீழ பையா?"

"பையில இருக்கணும்னுதானே போட்டிருக்கு. முழுசா இருக்கணும்னு எங்க போட்டிருக்கு?"

அவள் போர்டை இன்னொரு முறை படித்துப் பார்த்தாள். அவர் சொன்னது சரிதான். அதோடு விட்டுவிட்டாள். ஒருமுறை பரிசோதகர் ஏறி வாயைத் திறந்தபோது, "பையில இருக்கே, பாக்கலையா?" என்று மரீஸ் கண்ணாடியில் அவரைப் பார்த்தபடியே கேட்டாள். அவர் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கொண்டார்.

தினமும் ஒன்பது இருபத்து நாலுக்கு, சலவைத் துறை ஸ்டாப். நாய் முதலில் தாவி ஏறும். கைத்தடியோடு முசியே ருவனே பின்னால் வருவார். வழியில் யாரிடமாவது வாயைக் கொடுத்துவிட்டால் இன்னும் ஒரு நிமிடம் ஆகும். மரீஸ் காத்திருப்பாள். அவள் காலத்தில் அந்த டிப்போவில் பெண் டிரைவர் அவள் ஒருத்திதான். ஆரம்பத்தில், "அம்மா, பஸ்ஸ மெதுவா ரிவர்ஸ் எடுங்க, சமையல்கட்டு இல்ல" என்று சிரித்தவர்கள் பின்னால் அவளிடமே மலைப்பாதை ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அதையெல்லாம் அவள் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை. ஓடிவரும் ஓர் ஆளின் முகத்திலும் இதுவரை கதவைச் சாத்தியதில்லை என்பதுதான் அவளுடைய ஒரே பெருமை. கதவை மூடுவதற்கு முன் வலதுபக்கக் கண்ணாடியில் ஒரு பார்வை, யாராவது வருகிறார்களா என்று. கணவன் பிரிந்து பெர்பிஞானுக்குப் போன மறுநாள் காலையிலும் அந்தப் பார்வை தவறவில்லை.

ஓய்வு பெற்ற அன்று டிப்போவில் கேக் வெட்டினார்கள். கையில் குவளையோடு மரீஸ் அறிவித்தாள்: "ஒரு வீட்டு வண்டி வாங்கியிருக்கேன். புருஷன் வேண்டாம், நாய் வேண்டாம், ஜன்னல்ல பூந்தொட்டிகூட வேண்டாம். தண்ணி ஊத்தணும்னு எதுவும் எனக்காக வீட்டுல காத்துட்டு இருக்கக் கூடாது." எல்லோரும் கை தட்டினார்கள். கேக்குக்காக வந்திருந்த முசியே ருவனேயும் தட்டினார்.

அந்தக் குளிர்காலத்தில் அவர் சமையலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். மசாமேயில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தது. அங்கே நாய்க்கு அனுமதி இல்லை. "காஷூவை என் பொண்ணு நாதேஜ் வெச்சுக்கிட்டாதான் நான் அங்க போவேன், இல்லேன்னா இந்தச் சமையல்கட்டுலயே கெடப்பேன்" என்று பிடிவாதம் பிடித்தார். நாதேஜ் கடலோரம் மேஸில் சிப்பி வளர்ப்பவள். சரி என்றாள். ஆனால் வந்து கூட்டிப்போக நேரமில்லை. அப்போதுதான் முசியே ருவனே மரீஸைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நீங்க எப்படியும் ஊர் சுத்தப் போறீங்க. போற வழியில அவனைக் கொண்டுபோய் விட்டுருங்க, டிரைவரம்மா. வெச்சுக்கச் சொல்லலை. ஏத்தி இறக்கிவிட்டா போதும்."

மூன்று மணி நேரப் பாதை. "திங்கட்கிழமை மத்தியானம் பன்னிரண்டு இருபதுக்கு உங்க பொண்ணு வீட்டு வாசல்ல இருப்பான்" என்று மரீஸ் வாக்குக் கொடுத்தாள்.

வாக்கு சேன்-போன்ஸ் வரைக்கும் தாங்கியது. அந்த ஊரைத் தாண்டினால் பாதை பிரிகிறது. நேரே போனால் கடல், இடப்பக்கம் திரும்பினால் மலை. காஷூ ஜன்னலில் முகத்தை வைத்துக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. காது இரண்டும் பின்னால் பறந்தன. முப்பத்தோரு வருடம் போட்டுவைத்த பாதையில் மட்டும் ஓட்டிய கைகள் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தன. ஏன் ஒடித்தாள் என்று அவளையே கேட்டாலும் சொல்லத் தெரிந்திருக்காது.

சாயங்காலம் நாதேஜ் போன் செய்தாள்.

"மதாம் எஸ்காந்த், எங்க இருக்கீங்க?"

"ஓலார்க்ல. காத்து பேய் மாதிரி அடிக்குது. என் வண்டி உயரம் வேற..."

"ஐயையோ, காத்துல ஓட்டாதீங்க மதாம். நல்லா ஓஞ்சப்புறம் வாங்க."

ஓலார்க்கில் ஓர் இலைகூட அசையவில்லை. செர்ரி பழுத்திருந்தது. காஷூ உதிர்ந்த பழங்களைத் தின்று கொட்டையைத் துப்பக் கற்றுக்கொண்டது.

அதற்கப்புறம் மே மாதமே அவளுக்குக் கைகொடுத்தது. எட்டாம் தேதி விடுமுறை: "ரோடு முழுக்க வண்டி, மதாம் நாதேஜ்." அடுத்த வாரம் வியாழக்கிழமை விண்ணேற்புத் திருநாள் விடுமுறை. அதை வார இறுதியோடு இணைக்க வெள்ளிக்கிழமையையும் லீவாக்கி, 'பாலம்' போட்டு நாடே நாலு நாள் படுத்துக்கிடந்தது: "பாலம் முடியட்டும்." நடுவில் டயர், பிறகு பிரேக், பிறகு மறுபடியும் காற்று. ஒவ்வொரு முறையும் நாதேஜ், "பரவாயில்ல, அவசரமே இல்ல" என்றாள். எவ்வளவு நல்ல பெண், நாய்க்காக ஏங்கிக்கொண்டிருந்தும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லையே என்று மரீஸுக்குக் குற்ற உணர்ச்சி குத்தியது. குத்தக் குத்த வண்டி மேலும் வடக்கே போனது.

நல்ல நாட்கள். லார்ஸாக் மேட்டில் செம்மறி மந்தை கடக்கும்வரை இருவரும் அரை மணி நேரம் காத்திருந்தார்கள். ஆட்டுக்குக் காவலிருந்த பெரிய வெள்ளை நாயைக் கண்டதும் காஷூ ஓடிப்போய் வண்டிக்குள் மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டது. லொதேவ் சந்தையில் சுட்ட கோழிக்காரன் கழுத்தெலும்புகளைக் காகிதத்தில் கட்டிக் கொடுத்தான். எதிரே வரும் வீட்டு வண்டிகளுக்கெல்லாம், வழக்கப்படி, மரீஸ் கையசைத்தாள். பஸ்களுக்கும் அசைத்தாள். பஸ் டிரைவர்கள் முறைத்துப் பார்த்தார்கள். எங்கே நிறுத்தினாலும் மறுநாள் காலையில் எட்டு ஏழு, ஒன்பது இருபத்து நாலு என்று ஏதாவது ஒரு கணக்கான நிமிடத்தில் கிளம்பினாள்.

ஒரு விஷயம்தான் புரியவில்லை. ஒவ்வொரு ஊரிலும் சுற்றிவிட்டு வந்து ஏறியதும் காஷூ பைக்குள் காலை வைத்து உட்காரும். திறந்த கதவையே பார்க்கும். அவள் கதவை மூடி ஓட்டத் தொடங்கிய பிறகும் வெகுநேரம் படுக்காமல் அப்படியே இருக்கும். "படுடா, பரிசோதகர் யாரும் வரமாட்டார்" என்பாள். அது அவளைத் திரும்பி ஒரு பார்வை பார்க்கும். மறுபடி கதவைப் பார்க்கும்.

சலகூ ஏரிக்கரையில், சிவப்பு மண்ணில், பக்கத்து வண்டியில் யுகெத் இருந்தாள். லிமோஜ்காரி, கணவனோடு பதினாலு வருடமாக ஊர் சுற்றுகிறவள். ஏழு மணிக்கு அவரவர் நாற்காலியையும் குவளையையும் தூக்கிக்கொண்டு யார் வண்டிக்கு முன்னால் நிழல் இருக்கிறதோ அங்கே கூடுவது வழக்கம். அன்று நிழல் மரீஸுடையது. ஆலிவ், கொஞ்சம் மஸ்கட் மது. காஷூ செம்மண்ணில் புரண்டு எழுந்து, நரி நிறத்தில் வந்து நின்றது.

"உன் நாய் கறுப்புன்னுல்ல நெனச்சேன்" என்றாள் யுகெத்.

"என் நாய் இல்ல. மேஸ்ல கொண்டுபோய் விடணும்."

"மேஸா? இங்கேருந்து ஒரு மணி நேரம்தானே. எப்பக் கிளம்பின?"

"நாலாம் தேதி."

யுகெத் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "பதினெட்டு நாளா? நடந்தே வந்திருந்தா நாய் இந்நேரம் போய்ச் சேர்ந்து குட்டியே போட்டிருக்கும்."

"ஆம்பள நாய்."

"பேச்ச மாத்தாத. கொடுக்க மனசு வரலை உனக்கு. அதச் சொல்லித் தொலையேன், அந்தப் பொண்ணுகிட்ட."

"அது அவ அப்பா நாய். நான் அந்த மனுஷனுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். அவ வெச்சுக்கலேன்னா அவர் அந்த இல்லத்துல இருக்க மாட்டார். வீட்டுக்குக் கிளம்பி வந்து மறுபடி விழுவார். நான் என்ன, நாய் திருடியா?"

"பதினெட்டு நாள் வெச்சிருந்தா வேற என்ன பேரு?"

யுகெத்தின் கணவர் ஆலிவ் கொட்டையைக் குவளையில் போட்டுவிட்டு ஏரியைப் பார்த்தார். மரீஸ் நாற்காலியை மடித்தாள். மறுநாள் சனிக்கிழமை காலை எட்டு ஏழுக்குக் கிளம்பி, எங்கும் திரும்பாமல், நேரே தெற்கே ஓட்டினாள்.

நாதேஜின் வீடு உப்பங்கழியை ஒட்டி இருந்தது. வாசலில் ரப்பர் பூட்ஸ், கயிற்றுக் குவியல், காற்றில் சிப்பி வாடை. ஐம்பது வயதுக்காரி, அப்பாவின் மூக்கு. கையைத் துடைத்துக்கொண்டே வந்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள், கீழே பார்த்தாள்.

"வந்துட்டானா" என்றாள். குரலில் இருந்தது மகிழ்ச்சிதானா என்று மரீஸுக்குப் பிடிபடவில்லை. புத்தம் புதிய நாய்க்கூடை ஒன்று மூலையில் இருந்தது. விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

மரீஸ் வாக்குப்படி எல்லாவற்றையும் இறக்கினாள். தட்டு, கயிறு, புத்தகம். கடைசியில் பை. அதைக் கூடைக்குப் பக்கத்தில் விரித்தாள். காஷூ வந்து காலை உள்ளே வைத்து உட்கார்ந்தது. கதவைப் பார்த்தது.

நாதேஜ் ஒரு டஜன் சிப்பி திறந்தாள். கத்தி சிப்பிக்குள் போனதும் வந்ததும் தெரியாத வேகம். மூன்றாவது சிப்பியோடு மரீஸ் ஆரம்பித்தாள்.

"மதாம் நாதேஜ், ஓலார்க்ல காத்து அடிக்கலை."

"தெரியும். என் சிநேகிதி அங்கதான் இருக்கா."

"டயரும் பஞ்சர் ஆகலை."

"அதுவும் தெரியும்." நாதேஜ் கத்தியைக் கீழே வைத்தாள். "நீங்க ஒவ்வொரு தடவ இன்னிக்கு வரலைன்னு சொல்றப்பவும் நான் போனை வெச்சுட்டு ஒரு சிகரெட் பிடிப்பேன், அப்பாடான்னு. விடியறதுக்கு முன்னாடி படகுல போயிடறேன் மதாம். சாயங்காலம் வரைக்கும் இவன் இந்த ரூம்ல தனியா என்ன பண்ணுவான்? மாட்டேன்னு சொன்னா அப்பா அந்த இடத்துக்குப் போகமாட்டார். அதான் தலைய ஆட்டிட்டேன்."

"வெச்சுக்க இஷ்டமில்லன்னு என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே!"

"நீங்கதான் நாயே வேண்டாம்னு டிப்போல ஊருக்கே சொன்னீங்களாமே. அப்பா சொன்னாரு. உங்க தலையில எப்படிக் கட்டறது?"

மரீஸுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. நாதேஜ் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவன் ஏன் படுக்கவே மாட்டேங்கறான்? யாருக்காகக் காத்துட்டு இருக்கான்?"

அப்போதுதான் மரீஸுக்கு அந்தக் கண்ணாடி நினைவுக்கு வந்தது. தலைக்கு மேலே, பஸ்ஸின் உட்பக்கம் தெரியும் கண்ணாடி. அதில் ஒன்பது வருடம் தினமும் பார்த்த காட்சி. நாய் முதலில் ஏறும். பையில் காலை வைக்கும். கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். கைத்தடி முதல் படியில் தட்டும் சத்தம் கேட்டு, கிழவர் ஏறி உட்கார்ந்த பிறகுதான் முன்னங்காலை நீட்டிப் படுக்கும்.

அது விதியை மதித்து உட்காரவில்லை. பின்னால் ஓர் ஆள் வர வேண்டியிருக்கிறது என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அவளோ ஒவ்வொரு ஊரிலும் அதன் கண்ணெதிரே கதவை மூடியிருக்கிறாள். இன்னும் ஏறாத பயணியை விட்டுவிட்டு, பத்தொன்பது நாள்.

"என்ன மதாம், சிப்பி கெட்டுப்போயிருந்ததா?" என்று நாதேஜ் பதறினாள்.

"இல்ல. ஒரு ஆள ஏத்தாம வந்துட்டேன்" என்றாள் மரீஸ். பையை எடுத்து மடித்தாள். "வியாழக்கிழமை லீவு போட முடியுமா உனக்கு? உங்க அப்பாகிட்ட நீதான் சொல்லணும். நான் ஓட்டறேன்."

மசாமேயில் இல்லத்து வாசலுக்கு எதிரே ஒரு பஸ் ஸ்டாப். வீட்டு வண்டி அங்கே நிற்கக் கூடாது. ஆனால் பத்து நாலு பஸ் போனால் அடுத்தது பத்து இருபத்தேழுக்குத்தான் என்று மரீஸுக்குத் தெரியும். வியாழக்கிழமை நாதேஜோடு வந்து, பத்து பன்னிரண்டுக்கு வண்டியை ஓரம் கட்டினாள். புதிதாக வாங்கிய முக்காலியைப் படிக்குக் கீழே வைத்தாள். காஷூ உள்ளே பையில் உட்கார்ந்து கதவைப் பார்த்தது.

முசியே ருவனே வீட்டுச் செருப்போடு, சக்கர நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கேட்டில் ஒரு கிழவியிடம் நின்று வாயைக் கொடுத்தார். மரீஸ் கண்ணாடியில் பார்த்தபடி காத்திருந்தாள். அவருடைய கை படியின் கம்பியைப் பிடித்ததும் உள்ளே வால் தரையை அடிக்கத் தொடங்கியது. இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி ஏற்றினார்கள். அவர் உட்கார்ந்தார். நாயின் தலையில் கையை வைத்தார், எடுக்கவில்லை.

காஷூ முன்னங்காலை நீட்டிப் படுத்தது.

"எத்தனை நாள் ஆச்சு மேஸ் போக?" என்று கேட்டார் முசியே ருவனே.

"பத்தொன்பது" என்றாள் மரீஸ்.

"பஸ் கம்பெனியா இருந்தா புகார் எழுதியிருப்பேன்."

நாதேஜ் தொண்டையைக் கனைத்தாள். "பப்பா, ஒண்ணு சொல்லணும். கோபப்படாதீங்க. என்னால காஷூவை..."

"நீ எட்டு வயசுல ஒரு தங்கமீன் வளத்த. ஒரு வாரம். அதுல எனக்கு உன்னைப் பத்தித் தெரியாதா?"

"அப்ப எதுக்கு என்கிட்ட தரச் சொன்னீங்க?"

"வேற யாருகிட்டத் தரச் சொல்றது? இந்தம்மா பூந்தொட்டிகூட வேண்டாம்னாங்க. ஏத்தி இறக்கச் சொன்னா மட்டும் இவங்களுக்கு மாட்டேன்னு சொல்ல வராது. அதான் ஏத்தி இறக்கச் சொன்னேன்." அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "பத்தொன்பது நாள் ஆகும்னு நான் கனாவா கண்டேன்?"

மரீஸ் அவரை முறைத்தாள். அவர் திரும்பவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

"நாய் என்கிட்ட இருந்தா நீங்க இங்க இருப்பீங்களா, முசியே? வீட்டுக்குப் போறேன்னு அடம் பிடிக்க மாட்டீங்களே?"

"வியாழக்கிழமை சூப் மோசம், மத்தபடி இருக்கலாம். எப்ப வருவீங்க?"

"வியாழன், பத்து பன்னிரண்டு. பக்கத்து ஏரி வரைக்கும் போய்ட்டு பதினொண்ணு ஐம்பதுக்கு இங்க இறக்கிடுவேன். ஆகஸ்டு மட்டும் கிடையாது. ஆகஸ்டுல நாங்க ரெண்டு பேரும் ஸ்பெயின் எல்லை வரைக்கும் போறோம்."

"நாங்களா?" என்றாள் நாதேஜ் சிரித்துக்கொண்டே.

மரீஸ் முன்னால் போய் உட்கார்ந்தாள். பத்து இருபத்தேழுக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. முசியே ருவனே பஸ்ஸில் மணியடிக்கும் பழக்கத்தில் எதையோ தேடி, அடுப்புக்கு மேலிருந்த விளக்கு ஸ்விட்சை ஒரு தட்டுத் தட்டினார்.

"போலாம் டிரைவரம்மா."

அவள் வலதுபக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். நடைபாதை காலியாக இருந்தது. யாரும் வரவில்லை. கதவை மூடினாள்.